கட்டளையா என்று கேட்டாயே

அன்பு மகன் சாமுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

தம்பியோடு நீ பேச வேண்டும் என்று நான் சொன்னதும், "இது கட்டளையாப்பா? கட்டளைன்னா சொல்லிடுங்க, செஞ்சிடுறேன்" என்றாய். "பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற எபேசியர் வசனத்தையும் இழுத்தாய். போனிலேயே பதில் சொல்லப் போனால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். ரிட்டயர்டு ஆயர் எழுதும் கடிதம், பிரசங்க வாடை அடிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்.

செமினரியில், புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் படித்தபோது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரு சொல்: எபிடாஸோ. கட்டளையிடுவது என்று பொருள். அசுத்த ஆவிகளுக்கு இயேசு கட்டளையிட்டார், அவை கீழ்ப்படிந்தன என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறதே, அங்கே இந்தச் சொல்தான். லூக்கா எட்டில் காற்றுக்கும் தண்ணீருக்கும் இதே சொல். மாற்கு ஆறில் யோவான்ஸ்நானனின் தலையைக் கொண்டுவரும்படி ஏரோது சேவகனை அனுப்புகிறானே, அங்கும் இதுதான். பேயோ, புயலோ, சேவகனோ, "ஏன்?" என்று கேட்க அங்கே இடமில்லை.

இப்போது பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்துக்கு வா. 25 வசனம், பவுலின் நிருபங்களில் மிகச் சிறியது. பிலேமோனின் அடிமை ஒநேசிமு, எஜமானைப் பிரிந்து, சிறையில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்தவன். அவனைத் திருப்பி அனுப்பும்போது, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எழுதிக் கொடுத்த கடிதம் அது. எட்டாம் வசனத்தில், செய்யவேண்டியதை உமக்குக் கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு என்கிறார். அதே எபிடாஸோ. அடுத்த வசனத்திலேயே அதைக் கீழே வைத்துவிட்டு, அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். அதற்கு அவர் எடுத்த சொல் பரகலேயோ. பக்கத்தில் அழைத்துப் பேசுவது, கெஞ்சுவது, தேற்றுவது எல்லாம் அதில் அடங்கும். யோவானில் பரிசுத்த ஆவியானவருக்கு வரும் தேற்றரவாளன் என்ற பெயரும் அந்த வேரிலிருந்துதான்.

பவுலுக்கு அதட்டத் தெரியாது என்று நினைக்காதே. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று தெசலோனிக்கேயருக்குக் கட்டளை போட்டவர் அவர். கொரிந்தியருக்கு எழுதும்போது, இது கர்த்தர் கட்டளை, இது என் யோசனை என்று வக்கீல் மாதிரி பிரித்தும் காட்டுகிறார். அப்படிப்பட்டவர் பிலேமோனிடம் மட்டும் ஏன் இறங்கி வந்தார்? பதினாலாம் வசனத்தைப் பார். நீர் செய்யும் நன்மை கட்டாயத்தினால் ஆகாமல் மனப்பூர்வமாய் இருக்க வேண்டும் என்கிறார்.

நீ உடனே சொல்வாய்: "அப்பா, அவர் சாமர்த்தியக்காரர்." சரிதான். பிலேமோன் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதுகிறார், நாலு பேர் காதில் விழட்டும் என்று. நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதை நான் சொல்லவில்லை என்று சொல்லாமல் சொல்லியும் காட்டுகிறார். கடைசியில், நீர் கீழ்ப்படிவீர் என்று நம்பி எழுதுகிறேன் என்று வேறு. இதில் அழுத்தம் இல்லை என்று நான் பிரசங்க மேடையில்கூடச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முடிவைப் பிலேமோன் கையில் விட்டார். அது சின்ன விஷயம் இல்லை.

லூக்கா 15ஐயும் கொஞ்சம் பார். கெட்ட குமாரன் கதை என்று அதற்குப் பேர் வைத்து மூத்தவனை மறந்துவிட்டோம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்தாரே என்று கோபித்து, உள்ளே வரமாட்டேன் என்று அவன் நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறான். அங்கேயும் பரகலேயோதான். மகனின் பதில் என்ன? இத்தனை வருஷம் உமக்கு ஊழியஞ்செய்தேன், உம்முடைய கற்பனையை, அதாவது கட்டளையை, ஒருக்காலும் மீறவில்லை. அப்பா கெஞ்சுகிறார், பிள்ளை கட்டளைக் கணக்கு காட்டுகிறான். அவன் சொன்னது பொய் என்று தகப்பனும் சொல்லவில்லை. நீயும் என் பேச்சை மீறினவன் இல்லை, அது எனக்குத் தெரியும்.

தம்பி உன்னிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது தப்பு. அதை அவனிடமும் சொல்லிவிட்டேன். அவன் கடனை என் கணக்கில் வைத்துக்கொள் என்று பவுல் மாதிரி எழுத ஆசைதான், ஆனால் என் பென்ஷன் எவ்வளவு என்று உனக்கே தெரியும்!

அதனால் கட்டளை இல்லை சாம், கேட்கிறேன். நான் சொல்லி நீ போன் பண்ணினால், அது அப்பாவுக்காகப் பண்ணிய போன் என்று அவன் ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஈஸ்டருக்கு அவன் இங்கே வருகிறான். நீயும் வருவதாக இருந்தால் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடு, மாடி அறையில் மாவு டின்னும் பழைய புத்தகங்களும் கிடக்கின்றன, ஒழுங்குபடுத்த வேண்டும். இப்போது முடியாது என்று தோன்றினால் அதையும் சொல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எப்போதும்போல் கூப்பிடுகிறேன்.

அப்பா