ஆண்டறிக்கை: பாலிசி வாசகம் கேட்டு நடந்த கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, முகவர் நண்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது, "அறிக்கையைச் சுருக்கமா முடிச்சிடுங்க" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டுக்கொண்டார். கூட்டம், வருகை, சந்தா ஆகியவற்றில் அவர் சொல்லைக் காப்பாற்றுகிறேன். மாதக் கூட்டம் தவறாமல் நடந்தது. நிலுவை வைத்திருப்போர் யார் என்பது அவர்களுக்கே தெரியும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுவதும் ஒரே விஷயத்துக்கு: மருத்துவக் காப்பீட்டை விற்கும் முன்பே முழு பாலிசி வாசகமும், அதாவது எல்லா நிபந்தனைகளும் அடங்கிய ஒப்பந்தத் தாள், முகவர் கையில் இருக்க வேண்டும் என்ற நம் கோரிக்கை.

இதைத் தொடங்கி வைத்தது என் வாடிக்கையாளர் ஒருவரின் கிளெய்ம். பாலிசி எடுத்த பதினான்காம் மாதம் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. நான் அவரிடம் காட்டிய விளம்பரத் தாளில் "குறிப்பிட்ட சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு" என்று ஒற்றை வரி இருந்தது. எந்தெந்த நோய்கள் என்பது பாலிசி வாசகத்தில் இருந்தது: கண்புரை, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, குடலிறக்கம் என்று நீண்ட பட்டியல், இவற்றுக்கு முதல் 24 மாதம் பணம் கிடையாது. அந்தப் பட்டியலை நானே முதன்முதலாகப் பார்த்தது, நிராகரிப்புக் கடிதத்தோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியும் என்றால் ஏமாற்றியவன். தெரியாது என்றால் தெரியாததை விற்றவன். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு கதை வந்தது. நம் பையில் இருப்பது என்ன? விளம்பரத் தாள், பிரீமியம் அட்டவணை, முன்மொழிவுப் படிவம், பயிற்சி வகுப்பில் கொடுத்த ஸ்லைடுகள். படிவத்தின் கடைசியில் "நிபந்தனைகளை விளக்கினேன்" என்று கையெழுத்துப் போடுகிறோம். அந்த நிபந்தனைகள் அடங்கிய வாசகமோ, பணம் கட்டி பாலிசி வந்த பிறகுதான் வாடிக்கையாளர் கைக்குப் போகிறது. அவர் கேள்வி கேட்டால் நாமும் அவரோடு சேர்ந்துதான் அதைப் படிக்கிறோம்.

எல்லா நிறுவனங்களுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம். சில பதிலே போடவில்லை. ஒன்று, "நிறுவனத்தின் உள் ஆவணம்" என்றது. பிரீமியம் கட்டும் எவருக்கும் போகிற தாள் எப்படி உள் ஆவணம் ஆகும் என்று திரும்ப எழுதினேன். இன்னும் பதில் இல்லை. இன்னொரு நிறுவனத்து அதிகாரி போனில் சிரித்தார்: "அது எங்க இணையதளத்திலேயே ரொம்ப நாளா இருக்கே, நீங்க யாரும் பார்க்கலையா?" போய்ப் பார்த்தோம். இருந்தது. யாரும் போகாத ஒரு பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஆனால் இருந்தது. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். சேர்த்திருக்கிறேன். பாதிக் குற்றம் நம்முடையது.

பிற இடங்களில் என்ன வழக்கம் என்பதையும் தேடினோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயுள் காப்பீடு அல்லாத பாலிசிகளுக்கு 2018 அக்டோபர் முதல் ஒரே வடிவத்தில் தகவல் தாள் தர வேண்டும். ஏ4 அளவில் இரண்டு பக்கம், தவிர்க்க முடியாவிட்டால் மூன்று. இந்தியாவில் திருத்தப்பட்ட வாடிக்கையாளர் தகவல் தாள் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2012 முதலே நான்கு தாள் சுருக்கம் உண்டு. 2015 விதி இன்னும் ஒரு படி மேலே போய், மூல பாலிசியையே வாங்கும் முன் இணையத்தில் பார்க்க வழி செய்ய வேண்டும் என்றது. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான். சுருக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கிளெய்ம் மேசையில் இருப்பவர் பிரித்துப் பார்ப்பது முழு வாசகத்தை.

அது ஏன் என்பது, கிடைத்த வாசகத்தை நாமே சேர்ந்து உட்கார்ந்து படித்த வாசிப்பு வட்டத்தில் புரிந்தது. முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் 'வரையறைகள்' பகுதியையே முடிக்க முடியவில்லை, இருவர் தூங்கிவிட்டார்கள். ஆனால் 'மருத்துவமனை' என்ற சொல்லுக்கே எத்தனை படுக்கை, இரவும் பகலும் செவிலியர், சொந்த அறுவை அரங்கு என்று நிபந்தனைகள் இருப்பதை அன்றுதான் பலர் கவனித்தோம். மறுவாரம் அறை வாடகை விதி வந்தபோது யாரும் தூங்கவில்லை. நாங்கள் படித்த வாசகத்தின்படி, வரம்பைப் போல இரு மடங்கு வாடகையுள்ள அறையில் படுத்தால், வெட்டு வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், அரங்குக் கட்டணம் என அறையைப் பொறுத்து ஏறும் செலவுகளும் அதே கணக்கில் பாதியாகும். விளம்பரத் தாளில் "அறை வாடகைக்கு வரம்பு உண்டு" என்பதோடு சரி. கொஞ்ச நேரம் எல்லோரும் தலை குனிந்து பழைய வாடிக்கையாளர்களின் பில்களை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிர்ப்பும் இருந்தது. "இதையெல்லாம் படிச்சுக் காட்டினா எவன் வாங்குவான்?" என்றார் ஒருவர். நியாயமான கவலை; எனக்கும் இரண்டு விற்பனை கை நழுவியது. இன்னொருவர், வாசகம் கையில் இருந்தால் நாளை வழக்கு வந்தால் நம்மைத்தானே பிடிப்பார்கள் என்றார். கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்றே என்பதுதான் என் பதில். 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு கார்ட்டர் எதிர் போம் வழக்கில் சொன்ன தீர்ப்பைத்தான் காப்பீட்டில் நல்லெண்ணக் கடமைக்கு, அதாவது தெரிந்ததை மறைக்காமல் சொல்லும் கடமைக்கு, அடிப்படையாக இன்றும் காட்டுகிறார்கள். அந்தக் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்றது அது. வாடிக்கையாளரிடம் பத்து வருடத்து நோயையும் துருவிக் கேட்கிறோம். நம் பக்கத்துத் தாளை மட்டும் மடித்து வைத்திருப்பது எந்த நல்லெண்ணம்?

இப்போது சங்க அலுவலகத்தில், கிடைத்த வாசகங்கள் எல்லாம் கோப்பாக இருக்கின்றன. ஒரு சிக்கல்: நிறுவனங்கள் சத்தமில்லாமல் வாசகத்தைத் திருத்துகின்றன. பழைய பதிப்பை வைத்து விளக்குவது, ஒன்றும் இல்லாமல் விளக்குவதைவிட ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கோப்பின் மேலும் திட்டத்தின் அடையாள எண்ணும், பதிவிறக்கிய தேதியும் எழுதியிருக்கிறோம். எடுப்பவர் இணையத்தில் ஒரு முறை ஒப்பிட்டுவிட்டு எடுக்கவும்.

இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம்: கோப்பில் வாசகம் இல்லாத மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை உறுப்பினர் எவரும் விற்பதில்லை, படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் வாசகத்தின் பிரதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவது. முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

கடைசியாக, மூத்த குடிமக்கள் திட்டக் கோப்பு ஒன்று இரண்டு மாதமாக அலமாரியில் இல்லை. எடுத்தவர் கூட்டம் முடிவதற்குள் மேசையில் வைத்துவிட்டால் பெயரைக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்