மேளக்காரர் வீட்டுப் பரணில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பாடகர்களின் கிட்டார்களும் மேடை உடுப்புகளும் ஏலம் போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்த கிட்டார் 2020-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது பெரிய சேதிதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அவர் அதே நிகழ்ச்சியில் போட்டிருந்த பழைய பச்சைக் கம்பளிச் சட்டை. சிகரெட் சுட்ட ஓட்டையும் கறையுமாக, ஒரு தடவைகூடத் துவைக்காமல் வைத்திருந்து 2019-இல் விற்றிருக்கிறார்கள். 3,34,000 டாலர். அந்த அழுக்கில்தான் மனிதர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? கலைஞர் காலமான வீட்டில் வாத்தியத்தை முதலில் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். அப்புறம் வார்னிஷ் அடிக்கிறார்கள். நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் செய்வதுதான், அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் போனது போனதுதானே.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாகசுரக்காரர் வீட்டில் அவருடைய அப்பா வாசித்த நாயனத்தை எடுத்துக் காட்டினார்கள். ஆச்சா மரம், நல்ல கறுப்பு. மேலே உள்ள ஏழு துளைகளின் விளிம்பும் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. அதிலும் இரண்டு துளைகளில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது. சுருதிக்காக அடிப்பக்கத் துளைகளில் வைத்த மெழுகு அப்படியே ஒட்டியிருந்தது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செருகும் கெண்டைக்குப் பக்கத்தில், நூலில் தொங்கிய சீவாளிகளில் ஒன்று வெற்றிலைச் சிவப்பேறிக் கிடந்தது. விரலை எப்படி வைத்தார், எந்தச் சுருதிக்கு வாசித்தார் என்று விவரம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒரு டப்பா வார்னிஷும் அரை மணி நேரமும் போதும், எல்லாம் போய்விடும்.

உடுப்பு கதை இன்னும் மோசம். கச்சேரிக்குக் கட்டிய சரிகை வேட்டி, அங்கவஸ்திரம், பட்டுச் சட்டை எல்லாம் ‘பழைய பட்டு எடுக்கிறோம்’ என்று தெருவில் வருகிறவரிடம் போகின்றன. அவருக்கு வேண்டியது சரிகையில் இருக்கிற வெள்ளி. உருக்கிவிட்டால் அது யார் தோளில் கிடந்த துணி என்று யாருக்குத் தெரியும்? ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானின் வெள்ளி ஷெனாய்களுக்கே அந்தக் கதிதான் ஆனது. 2016 டிசம்பரில் காசியில் அவர் குடும்பத்து வீட்டிலிருந்து களவு போயின. அடுத்த மாதம் போலீஸ் கண்டுபிடித்தபோது கையில் கிடைத்தது பெரும்பாலும் உருக்கிய வெள்ளி. பாரத ரத்னா பெற்றவரின் வாத்தியத்துக்கே பாதுகாப்பு இல்லையென்றால், கோயில் கொடை விழாவில் விடிய விடிய வாசித்தவரின் வாத்தியத்தை யார் தேடப்போகிறார்கள்?

திருநெல்வேலிச் சீமையில் தேடினால் கிடைக்காமல் போகாது. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு இழைகிற நாயனம் காருகுறிச்சி அருணாசலத்துடையது. நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவருக்குக் கோவில்பட்டியில் நினைவிடம் இருக்கிறது. வில்லுப்பாட்டைப் பட்டணம் வரை கொண்டுபோய்ப் பத்மஸ்ரீ வாங்கிய சுப்பு ஆறுமுகம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர்; 2022-இல் காலமானார். இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் வெளியே தெரியாத வில்லுப்பாட்டுக் குழுக்களின் வில், மணி, வீசுகோல், உடுக்கை எல்லாம் ஊர் ஊராகப் பரணில் கிடக்கின்றன. கணியான் கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவார்களே, அந்தச் சேலையையும் சலங்கையையும், பக்கத்தில் நின்று அடிக்கிற, மகுடம் என்ற இரண்டு பறைகளையும் முறையாகக் கண்ணாடிக்குள் வைத்து எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கையில் தோண்டியெடுத்த பழம்பொருள்களுக்காக ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகமே எழுந்துவிட்டது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நேற்று வரை நம் காதில் கேட்ட வாத்தியங்களுக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அறையாவது ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பொருளை இரவலாக வாங்கினால் போதும். உரிமை குடும்பத்துக்கே இருக்கட்டும், கையெழுத்துப் போட்ட ரசீது கொடுங்கள். ‘கொடுத்தால் திரும்ப வராது’ என்ற பயம்தான் நிறையப் பேரைத் தடுக்கிறது. பட்டைத் தொங்கவிடாமல், வெளிச்சம் அதிகம் படாமல், மடிப்புக்குள் பருத்தித் துணி வைத்துப் படுக்கப் போட வேண்டும். தோல் வாத்தியத்தைப் பூச்சி அரிக்காமல் பார்க்க வேண்டும். கூடவே அந்தக் கலைஞரின் ஒலிப்பதிவு கிடைத்தால் அங்கேயே கேட்க வழி செய்ய வேண்டும். சத்தம் கேட்காமல் நாயனத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அது வெறும் மரக்குழல்தான்.

இன்னொன்று. இத்தாலிய வயலின் மேதை பாகனினி தன் வயலினை இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்கு எழுதி வைத்தார். அவர் இறந்தது 1840-இல். அந்த வயலினைப் பூட்டியே வைக்காமல், இன்றைக்கும் தேர்ந்த கலைஞர்கள் கையில் கொடுத்து வாசிக்க வைக்கிறார்கள். நம் அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிக்கிற நிலையில் உள்ள வாத்தியத்தை, தக்க ஆசான் மேற்பார்வையில், வருஷத்துக்கு ஒரு நாள் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

அறை கிடைக்க நாளாகும், தெரியும். அதற்குள் உங்கள் பத்திரிகை ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் பழைய வாத்தியமோ மேடை உடுப்போ வைத்திருப்பவர்கள், தேய்க்காமல் துவைக்காமல் ஒரு படம் எடுத்து, வாசித்தவர் பெயர், ஊர், எந்தெந்தக் கோயிலில் வாசித்தார் என்ற விவரத்தோடு அனுப்பச் சொல்லி நெல்லைப் பதிப்பில் அறிவிப்புப் போடுங்கள். வருகிற கடிதங்களைப் படித்து வரிசைப்படுத்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வீரவநல்லூர்.