31 சதவீதம் காட்டியபடியே நின்ற மின்சாரப் பிக்கப்: பேட்டரியைச் சோதித்துத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வண்டி உரிமையாளர், மேட்டுப்பாளையம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

20 யூனிட் பேட்டரி கொண்ட உங்கள் மின்சாரப் பிக்கப், வாங்கிய 14-ஆம் மாதத்தில், கோவைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிச் சென்ற இரண்டாம் நடையில் கவுண்டம்பாளையம் மேம்பால ஏற்றத்தில் நின்றுவிட்டது. அப்போது மீட்டரில் சார்ஜ் 31 சதவீதம் இருந்தது. 20 நிமிடம் கழித்துக் கிளம்பிய வண்டி, பாலம் இறங்கியதும் மறுபடி படுத்துவிட்டது. மூன்று முறை எடுத்துச் சென்றும் சர்வீஸ் சென்டரில் இரண்டே பதில்கள்தான்: ஒன்று ஓவர்லோடு, மற்றொன்று மீட்டர் கோளாறு.

ஓவர்லோடு என்பது தவறு. 50 கிலோ மூட்டை 12. எடை மேடை ரசீதில் சரக்கு 598 கிலோ, அனுமதி 600. லோடு கூடினால் ஓடும் தூரம் குறையுமே தவிர, 31-ஐக் காட்டிக்கொண்டு வண்டி நிற்காது.

மீட்டர் கோளாறும் இல்லை. கட்டி இழுத்து வந்த வண்டிக்கு, சார்ஜிங்குக்கென்றே தனி சப்-மீட்டர் உள்ள 15 ஆம்பியர் பாயிண்டில் சார்ஜ் போட்டோம். முழுதாக ஏற 15.3 யூனிட் ஆனது. சார்ஜரில் வீணாவது பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது சுமார் 13.8 யூனிட், அதாவது 20-இல் 69 சதவீதம். மீட்டர் செலவாகக் காட்டியதும் அதே 69-தான். பேட்டரி உண்மையில் காலியாகி, மீட்டர் மட்டும் 31 என்று பொய் காட்டியிருந்தால் 22 யூனிட் ஏறியிருக்க வேண்டும். ஆக, மீட்டரின் கணக்கு சரி, பேட்டரி என்ற பாத்திரம்தான் சுருங்கிவிட்டது. மீட்டரை ரீசெட் செய்தால் எண் மாறும், பேட்டரியில் யூனிட் கூடாது.

தொடராகக் கோத்த செல்களில் ஒன்று நலிந்தாலும் மொத்த பேட்டரியும் அதன் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஏற்றத்தில் ஆம்பியர் கூடும்போது அந்தச் செல்லின் வோல்டேஜ் மட்டும் சரிந்து கீழ்வரம்பைத் தொட, பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்கிறது. சற்று ஓய்வு கொடுத்தால் வோல்டேஜ் மீள்கிறது. 20 நிமிடத்தில் வண்டி கிளம்பியதன் காரணம் இதுவே. செல்களுக்கிடையே சார்ஜ் சமன் குலைந்தது மட்டும்தான் கோளாறு என்றால், முழு சார்ஜுக்குப் பிறகும் பிளக்கைப் பிடுங்காமல் விட்டால் பி.எம்.எஸ். மெல்லச் சமன்செய்துவிடும். நான்கு இரவுகள் அப்படியே விட்டும் முன்னேற்றமில்லை. ஆகவே செல்லே நலிந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள் என்று உங்கள் ஊழியர் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். இது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. நடுப்பகுதியில் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் மீட்டரும் செல் சமனும் ஒழுங்காக இருக்கும். உங்கள் கையேடே வாரம் ஒருமுறை என்கிறது! கையேட்டை முதலில் ஊழியர்களுக்குக் கொடுங்கள்.

வேண்டுவது இவ்வளவுதான். முழு சார்ஜிலும், வண்டி நின்றுவிட்ட அதே சார்ஜ் அளவிலும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பதிவெடுத்துத் தாருங்கள். என் முன்னிலையில் கொள்ளளவுச் சோதனை செய்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவதாக வாரண்டி அட்டையில் உள்ளபடி, பழுதான மாட்யூலை (செல் தொகுதியை) மாற்றுங்கள்.

வணிக வாகனம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஷோரூமில் சொன்னார்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், எடை மேடை ரசீது, சப்-மீட்டர் படங்களுடன் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்