விருப்ப மனுவில் ஒரு பக்கம் கூடுதலாக

தமிழகக் கட்சிகளின் வேட்பாளர் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு, போட்டியிடச் சீட்டு கேட்டுக் கட்சியிடம் கொடுக்கும் விருப்ப மனுவோடு தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய் வாங்கியது, அ.தி.மு.க. 15,000 வாங்கியது. தொகை போகட்டும், கட்சி நடத்தக் காசு வேண்டும்தான். என் பேச்சு அதற்கடுத்து நடக்கிற நேர்காணலைப் பற்றி. உள்ளே போய் வந்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை. எவ்வளவு செலவு செய்வீர்கள், தொகுதியில் உங்கள் ஆட்கள் ஓட்டு எத்தனை, கட்சிக்கு வந்து எத்தனை வருடம், போராட்டத்தில் சிறைக்குப் போனதுண்டா. ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு மறுபடி சீட்டு கேட்டு வருபவரிடமும் இவைதான். "சபையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள் என ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் நன்மாறனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்சிஸ்ட் கட்சி, மதுரை கிழக்கு, 2001லும் 2006லும் ஜெயித்தவர். முதல் தடவை அ.தி.மு.க. கூட்டணியில், அடுத்த தடவை தி.மு.க. கூட்டணியில், அதுவும் மயிரிழை வித்தியாசத்தில். "மேடைக் கலைவாணர்" என்று பட்டம். அவர் பேசுகிறார் என்றால் கட்சிக்காரர் அல்லாதவர்களும் தெருமுனையில் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். பதவிக்காலம் முடிந்த பிறகு பழையபடி மேடைக்கும் கட்சி வேலைக்கும் போய்விட்டார். 2021இல் குடிசை மாற்று வாரிய வீடு ஒன்று ஒதுக்கித் தரும்படி மனைவியோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எடுத்து வந்தார். அந்தப் படம் பரவாத வாட்ஸ்அப் குழு இல்லை. அதே வருடம் அக்டோபர் 28ஆம் தேதி காலமானார்.

அஞ்சலிகளையெல்லாம் படித்தேன். ஆட்டோவில் போனார், வீடு இல்லை, எளிமையின் சிகரம். உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்து வருடம் சபையில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி, இன்ன மானியக் கோரிக்கையில் (துறைக்குப் பணம் ஒதுக்கும் விவாதத்தில்) இதைக் கேட்டார், இந்த வெட்டுத் தீர்மானம் (ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொடுத்தார் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? அவரைப் புகழ்ந்தவர்களும் அவருடைய சட்டமன்ற வேலையைத் தொடவில்லை. நல்லவருக்கே இந்தக் கதி என்றால், காரில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் ஐந்து வருடக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?

கலைஞரைச் சொல்லும்போதும் அப்படித்தான். 1957 முதல் 2016 வரை 13 தேர்தல், தோல்வியே இல்லை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். குளித்தலையிலிருந்து முதல் முறை வந்த அவர் முதல் பேச்சிலேயே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையை எழுப்பினார் என்பதை எத்தனை உடன்பிறப்புகள் சொல்வார்கள்? ஓர் அரசியல்வாதி சட்டமன்ற உறுப்பினராக ஆனது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கட்சி சொல்கிறபடி ஓட்டுப் போடச் சொல்லும் கொறடா உத்தரவு இருக்கும்போது தனி உறுப்பினர் என்ன செய்துவிட முடியும் என்பீர்கள். ஓட்டெடுப்பில் ஒன்றும் செய்ய முடியாது, சரி. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், உத்தரவை மீறினால் பதவி போகலாம் என்று கையைக் கட்டிவிட்டது. ஆனால் கேள்வி நேரத்துக்கும், அவசரப் பிரச்சினையை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்புக்கும் கொறடா எங்கே வருகிறார்? ஒரு உறுப்பினர் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த வேண்டும் என்று கேட்பார். அமைச்சர் எழுந்து, "நிதிநிலைக்கேற்ப வருங்காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்பார். பெரும்பாலோர் "நன்றி தெரிவித்து அமர்கிறேன்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். விவரம் தெரிந்தவர் துணைக் கேள்வி போடுவார்: எந்த நிதியாண்டில்? கருத்துரு இப்போது யார் மேசையில் இருக்கிறது? அமைச்சர் வாயால் ஒரு வாக்குறுதி வந்துவிட்டால் அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அரசுச் செலவை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் தணிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வரும் உறுப்பினரைப் பார்த்தால் துறைச் செயலாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இதற்கெல்லாம் செலவு ஒன்றுமில்லை, படிக்க வேண்டும். (பேச்சில் பாதி நேரத்தைத் தலைமையைப் புகழ்வதற்கு ஒதுக்காமல் இருந்தாலே சிலருக்கு நிறைய நேரம் மிஞ்சும். அந்தப் பழக்கத்துக்கு யார் காரணம் என்று உங்களுக்கே தெரியும்.)

இன்னொன்று. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணத்தை வெளியிட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அந்தக் காரணம் தகுதியையும் சாதனையையும் சார்ந்திருக்க வேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் போதாது என்றும் சொன்னது. ஆக, வழக்கு உள்ளவருக்குக் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும், வழக்கே இல்லாத நல்ல உறுப்பினரை ஏன் மறுபடி நிறுத்துகிறீர்கள், ஏன் கழற்றிவிடுகிறீர்கள் என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கிறது. சபையில் செய்த வேலைக்கு அதிலும் இடமில்லை.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிவம் உங்களுடையது, அச்சடிப்பதும் நீங்கள். மறுபடி சீட்டு கேட்கும் எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் ஒரு பக்கம் சேருங்கள்: எத்தனை நாள் சபைக்கு வந்தார், எத்தனை கேள்வி கொடுத்தார், எந்தக் குழுவில் இருந்து என்ன செய்தார், அமைச்சரிடம் வாங்கிய எந்த வாக்குறுதி நடந்தது. அவரே நிரப்பிக் கையெழுத்துப் போடட்டும். வேட்பாளர் பட்டியல் வெளியிடும் அன்று அந்தப் பக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். பொய் எழுதினால் அவைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்கள் விரும்பியே செய்வார்கள்.

பக்கம் போதாதவர்கள் தனித்தாள் இணைக்கலாம் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை கிழக்கின் பழைய வாக்காளர் ஒருவர்