விரல் கட்டியைக் கண்டறிந்து சொன்னவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், ஸ்கேன் பிரிவினருக்கும், திசு ஆய்வகத்தாருக்கும் வணக்கம்.

என் ஆட்காட்டி விரலின் உட்புறத்தில் வலியின்றி மெல்ல வளர்ந்த கட்டி, தசைநாண் உறையில் (தசையை எலும்புடன் இணைக்கும் நாணைச் சுற்றியுள்ள உறையில்) அரிதாகத் தோன்றும் நார்க்கட்டி என்றும், அது புற்றுநோய் அல்ல என்றும் திசுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த உங்கள் உழைப்புக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

விரலில் கட்டி என்றால் பெரும்பாலும் நீர்க்கட்டிதான். அப்படியே முடிவுசெய்து ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்காமல், எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொன்ன கை அறுவை மருத்துவருக்கு என் முதல் நன்றி. எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்போ சுண்ணாம்புப் படிவோ தென்படவில்லை. அல்ட்ராசவுண்ட் செய்த மருத்துவர், விரலை மடக்கி நீட்டச் சொல்லி, தசைநாண் நகரும்போது கட்டியும் உடன் நகர்கிறதா என்று பொறுமையாகக் கவனித்து, உள்ளே இருப்பது நீரல்ல, திடமான திசுவே என்று தெளிவுபடுத்தினார்.

எம்.ஆர்.ஐ. எடுத்த தொழில்நுட்பருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் யாவும் மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடக்கும் விரலைத் தெளிவாகப் படமெடுக்கச் கையருகே வைத்து சமிக்ஞை வாங்கும் சிறிய சுருளும் (coil) துளி அசைவற்ற கையும் தேவை என்பதால், என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொன்னார். அதற்கு 'சூப்பர்மேன்' நிலை என்று பெயராம். தோள்பட்டை வலித்ததே தவிர, எனக்குப் பறக்கும் உணர்வு ஏதும் வரவில்லை. வலிக்கும் இடத்திலெல்லாம் அவர் மெத்தை வைத்துத் தாங்கியதால்தான் அசையாமல் கிடக்க முடிந்தது.

படங்களை ஆராய்ந்த கதிரியல் மருத்துவரின் அறிக்கையைப் பலமுறை வாசித்தேன். அவ்விடத்தில் மிகுதியாகக் காணப்படும், மிகப் பெரிய செல்களைக் கொண்ட வேறுவகைக் கட்டியான ராட்சத செல் கட்டியில் ரத்தக்கசிவின் இரும்பு படிவதால், 'கிரேடியண்ட் எக்கோ' என்னும் வகை எம்.ஆர்.ஐ. படங்களில் கருமை பெரிதாகி விரியும். என் கட்டி டி1, டி2 எனப்படும் மற்ற இருவகை எம்.ஆர்.ஐ. படங்களில் கருமையாக இருந்தும் அவ்விரிவு இல்லாததால் நார்க்கட்டியாக இருக்கலாம் என்று எழுதிய அவர், ராட்சத செல் கட்டியை முற்றிலும் விலக்க இயலாது என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் அப்போது என்னைச் சற்றுக் கலங்கவைத்தது உண்மை. ஆயினும், படத்தால் எதுவரை சொல்ல முடியுமோ அதுவரை மட்டும் சொல்லும் அறிக்கையையே நான் நம்புவேன்.

விரல் நரம்புகளுக்குச் சேதமின்றிக் கட்டியை முழுமையாக அகற்றிய அறுவை மருத்துவருக்கும், நார்த்திசு மிகுந்து ராட்சத செல்கள் இல்லாததை நுண்ணோக்கியில் கண்டு ஐயம் தீர்த்த திசு நோயியல் மருத்துவருக்கும் என் நன்றி. இவ்வகைக் கட்டி சிலருக்கு மீண்டும் வருவதுண்டு என்று நீங்கள் எச்சரித்தபடி, தொடர் பரிசோதனைகளுக்குத் தவறாமல் வருவேன்.

நன்றியுடன்,
உங்களிடம் சிகிச்சை பெற்றவர்