ஒஸ்தா மாமிமாருக்கும் உம்மம்மாமாருக்கும் நன்றி

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் கீறும் அல்லது வெட்டும் வழக்கமான கத்னாவை எமது ஊர்களில் நிறுத்துவதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் கிழக்கிலங்கைப் பெண்கள் சிலர் சேர்ந்து இம்மடலை எழுதுகிறோம். உதவியவர்களில் பலர் வெளியே தெரிய விரும்பாததால் எவரது பெயரையும் குறிப்பிடவில்லை.

தமக்கு நேர்ந்ததை எழுத்தில் தந்து, 2017 இல் அது பாராளுமன்றக் குழுவொன்றின் முன் வைக்கப்படச் சம்மதித்த சகோதரிகளுக்கு முதல் நன்றி. இலங்கையில் இப்படி ஒரு வழக்கமே இல்லை என்று படித்தவர்களும் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. மருத்துவத் துறையினர் இதைச் செய்யக்கூடாது என்று சுகாதார அமைச்சு மறு ஆண்டில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால், எமது வீடுகளில் இதைச் செய்து வந்தவர் டாக்டர் அல்லர். பிள்ளைக்கு நாற்பது நாள் ஆகும்போது புது பிளேடும் பஞ்சுமாகப் பின்வாசலால் வந்து, ஆண்கள் அறியாமலே வேலையை முடித்துப்போகும் ஒஸ்தா மாமிதான். அவரிடம் எந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரும்?

ஆகவேதான், அத்தொழிலைத் தாமாகவே கைவிட்ட மாமிமாருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். தாயிடமிருந்து கைமாறி வந்த வேலையையும் அதனோடு வந்த அரிசியையும் சீலையையும் காசையும் விட்டுவிடுவது இலேசான காரியமன்று. "புள்ளையக் குளிப்பாட்டித் தாறன், முடி இறக்கித் தாறன், மத்ததுக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்று ஒரு மாமி வாசலில் வைத்தே சொல்லியனுப்பியது ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த அளவுக்கு எடுபடவில்லை என்பதே உண்மை.

அடுத்து, உம்மம்மாமாரும் மாமியார்மாரும். முடிவு இளம் தாயின் கையில் இருப்பதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு, "என் பேத்திக்கு வேணாம்" என்று ஒரு மூத்த பெண் சொல்வதன் கனம் விளங்கும்.

இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாபிஈ மத்ஹபின் நூல்களைக் காட்டி இது வாஜிப், அதாவது கட்டாயக் கடமை, என்போர் நிறைந்த ஊரில், குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை என்பதையும், இதற்கு மார்க்க அடிப்படை இல்லையென 2007 இல் எகிப்தின் மார்க்கக் கல்வி நிலையமான அல் அஸ்ஹர் அறிவித்ததையும் பெண்கள் வகுப்பில் எடுத்துச் சொன்ன மௌலவிமாருக்கும் நன்றி. "ஒரு துளி இரத்தம்தானே" என்றவர்களிடம், ஊசியால் குத்துவதைக்கூட உலக சுகாதார நிறுவனம் பெண் உறுப்புச் சிதைப்பின் ஒரு வகையாகவே கணக்கிடுவதைப் பிரசவத்துக்குப் பின் வீடு தேடிவந்து பொறுமையோடு விளக்கிய குடும்பநல மருத்துவமாதுக்களையும் மறவோம். தம் மகளுக்கு நடந்திருப்பதைப் பின்னர் அறிந்து, தங்கையின் மகளுக்காவது தடுத்து நின்ற வாப்பாமாரும் சிலர் உண்டு.

தொழிலை விட்ட மாமிமாரை இன்றும் பிள்ளை பார்க்கவும் முடி இறக்கவும் அழைத்து, கூலியை முன்போலவே குறையாமல் கொடுத்தனுப்பும் குடும்பங்களுக்கும் எமது நன்றி உரித்தாகுக. ஜஸாக்கல்லாஹு கைரன்.

இவ்வண்ணம்,
கிழக்கிலிருந்து சில உம்மாமார்