மேடவாக்கத்துக்குக் குடிவரும் நண்பனுக்கு

சென்னை
ஏப்ரல்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, ஜூன் மாதம் மேடவாக்கத்துக்கே குடிவருகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்துவிட்டு இத்தனை வருஷம் ஆளுக்கொரு ஊரில் கிடந்தோம். இனி அரை மணி நேரத்தில் உன் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். "இளங்கோ வரும்போது நம்ம ஊர்க் கருப்பட்டி கொண்டுவரச் சொல்லு" என்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. ஆனால் தினமும் கொஞ்சம் நடக்கிறார்கள். மலர் பழைய வேலையிலேயே தொடர்கிறாள். யாழினி ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். செழியனுக்கு மூன்றரை வயது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆற்றங்கரையிலும் வயக்காட்டிலும் ஓடித்திரிந்த பிள்ளைகளை மூன்றாவது மாடியில் எப்படி வைத்துக்கொள்வது, எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கவலைப்பட்டிருந்தாய். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மண் தெரிகிற இடமாகப் பார்த்துக் கூட்டிப்போ. சறுக்குமரம், ஊஞ்சல், வண்ணவிளக்கு எல்லாம் இரண்டாம்பட்சம்.

சென்னையில் பூங்காவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல பூங்காக்களில் நடைபாதை போக மிச்சமிருக்கிற இடத்திலும் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். மரத்தைச் சுற்றியும் சிமெண்ட் கட்டிவிடுகிறார்கள். சருகு விழுந்தால் உடனே பெருக்கிவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை குனிந்து பார்க்க அங்கே எதுவுமே இருக்காது. கால் மணி நேரம் சறுக்கிவிட்டு "வீட்டுக்குப் போலாம்" என்று சிணுங்கும். பிள்ளைக்கு வெளியே விளையாடப் பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

எங்கள் தெரு முனையில் இருப்பது மிகச் சின்னப் பூங்கா. அதன் பின்சுவர் ஓரமாக ஒரு புங்கமரம். சுவரை ஒட்டிய இடத்தில் மழைச்சாரல் அவ்வளவாகப் படுவதில்லை, அதனால் மண் பொடியாக இருக்கும். அதில் குழியானைகள் இருக்கின்றன! நாம் திண்ணையடியில் குச்சியை விட்டுக் கிளறுவோமே, அதே குழியானைதான். யாழினி நாலு வயதில் முதல்முறை பார்த்தபோது அது தானாக விழுந்த பள்ளம் என்றுதான் நினைத்தாள். ஒரு எறும்பு விளிம்பில் வழுக்கியது. உள்ளேயிருந்து மண் சரசரவென்று மேலே தெறித்தது, எறும்பு இன்னும் கீழே போனது. அவ்வளவுதான், அன்றைக்கு அந்த இடத்தைவிட்டு அவளை நகர்த்த முடியவில்லை. பின்பக்கமாகவே நகர்ந்து வட்டம் போட்டு அந்தக் குழியை அது தோண்டுவதை இப்போது செழியனுக்கு அவள்தான் காட்டுகிறாள். அது ஒரு பூச்சியின் இளம்பருவம்தான், அப்படியே வருஷக்கணக்கில்கூட இருந்துவிட்டு, கூடு கட்டி, கடைசியில் தட்டான் மாதிரி மெல்லிய இறக்கையோடு வெளியே வரும் என்று சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. இறக்கை முளைத்ததைப் பிடித்துக் காட்டு என்கிறார்கள். அது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் பறக்கும். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன வருஷம் அந்தப் பின்சுவர் ஓரத்தையும் கல் பதித்து மூடப்போவதாகத் தெரிந்தது. நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் அங்கே என்ன பார்க்கிறார்கள் என்பதையும், மழைத்தண்ணீர் இறங்க அந்த ஓரம் ஒன்றுதான் மிச்சம் என்பதையும் எழுதினோம். மரத்தடியும் சுவர் ஓரமும் மண்ணாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் இருந்த நிம்மதியை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ வரும் பகுதியில் இப்படி ஒரு மூலை இருந்தால் முதலில் அதைக் கண்டுபிடித்து வை. தூரத்தில் இருக்கிற பெரிய இடத்துக்கு எப்போதாவது போவதைவிட, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் பிள்ளைகளுக்குக் கண் திறக்கிறது. போன வாரம் இருந்தது இந்த வாரம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த இடம் அவர்களுடையதாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்து பார், அதே மூலை வேறு இடமாகிவிடும். ஊதாப் பூ பூத்த பட்டாசுக்காய்ச் செடி ஓரமெல்லாம் நிற்கும். காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் டப்பென்று வெடிக்குமே, நாம் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போமே, அதுதான். ஈரம் பட்டதும் காயின் இரண்டு பாதியும் விறைத்துப் பிளந்து விதையை வீசுகின்றன. மழை வந்தால்தான் விதை முளைக்கும், அதனால் மழையிலேயே வெடிக்கிறது. இதை நான் சொல்லாமல் யாழினியே ஒருநாள் சொன்னாள். அம்மா கூட வரும் நாட்களில் பெயர்களுக்குக் குறைவே இல்லை: குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, நாயுருவி. நாயுருவி விதை செழியனின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடும், அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பது அவனுக்குத் தனி விளையாட்டு. முழங்கால் வலியால் அம்மா நடக்கும் வேகமும் அவன் நடக்கும் வேகமும் ஒன்று. அதனால் அவர்கள் இருவரும்தான் அதிகம் பார்க்கிறார்கள். உன் மாமியாரும் உங்களோடு வருகிறார்கள் என்றால் கட்டாயம் கூட்டிப்போ.

எருக்கஞ்செடியைப் பார்த்தால் இலையின் அடியைப் புரட்டிக் காட்டு. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு இருக்கும். வெந்தயவரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது. ஆனால் அந்தப் பால் கண்ணில் படக்கூடாது, இலையை நீயே பிடித்துக்கொள். இன்னொன்று, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் பிள்ளைகள் பொறுக்கிவிடுவார்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உன் சின்னவன் இன்னும் வாயில் வைக்கிற வயது, அதனால் அதை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். முழுச் சிவப்பாக இருக்கிற ஆனைக்குன்றிமணியையும் அவன் கைக்கு எட்டாமல் வை, தொண்டையில் சிக்கிவிடும்.

இப்போது பெரிய இடங்கள். மேடவாக்கத்தில் இருப்பவனுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம்தான் முதலிடம். 2022-ல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரித்தண்ணீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. சுற்றிலும் கட்டடம், ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு. இத்தனைக்கும் நடுவில் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு நடந்துபோகும். அங்கே சூழல் பூங்கா ஒன்று இருக்கிறது, நடைபாதையும் உண்டு. காலையில் போ. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் வலசை வந்த வாத்துகள் கூட்டங்கூட்டமாக இருக்கும். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது பூநாரைகளைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்க்கத் தெரியாது, வற்புறுத்தாதே. கூழைக்கடா மாதிரிப் பெரிய பறவையை வெறுங்கண்ணாலேயே பார்க்கட்டும். மழை பெய்த மறுநாள் யாழினியை அங்கே கூட்டிப்போய், நம் தெருவில் ஓடிய தண்ணீர் மாதிரிதான் இதுவும், கடலுக்குப் போகிற வழியில் இங்கே தங்கியிருக்கிறது என்று காட்டினேன். ஐந்து வயதுக்கு மேல் அது புரிகிறது. உன் மகள் பொன்னிக்கும் புரியும்.

கிண்டி தேசியப் பூங்கா உனக்குத் தெரியும். நகரத்துக்கு நடுவில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு, வெளிமான்கள் இன்னும் இருக்கிற காடு. உள்ளே நாம் இஷ்டத்துக்கு நடந்து திரிய முடியாது. பக்கத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்குத்தான் பிள்ளைகளோடு போவது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிறு கூட்டத்தில் போகாதே, வேறு நாளில் போனால் மரங்களில் மரங்கொத்தி தட்டும் சத்தம்கூடக் கேட்கும். பாம்புப் பண்ணையும் ஒட்டியே இருக்கிறது. செழியன் அங்கே பயந்துவிட்டான், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்து ஆலமரத்தைக் கட்டாயம் காட்டு. 1989-ல் ஒரு புயலில் நடுமரம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் விழுதுகள் ஊன்றி மரம் இன்றும் படர்ந்து நிற்கிறது. "எது அசல் மரம்?" என்று யாழினி கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பார்வையாளர்களுக்குத் திறக்கும் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போ. அங்கே ஓடி விளையாட முடியாது, அமைதியாக நடக்க வேண்டிய இடம். உன் பிள்ளைகளுக்கு அது கஷ்டம் என்றால் ஒரு வருஷம் கழித்துப் போகலாம்.

இப்போது ஏப்ரல் என்பதால் கடற்கரையையும் சொல்லவேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிட்டுப் பொரிக்கும் காலம் இது. 1988-லிருந்து ஒரு மாணவர் குழு இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை போகும் அந்த ராத்திரி நடை சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. ஆனால் பொரித்த குஞ்சுகளைச் சாயங்காலம் கடலில் விடுவதைப் பார்க்கலாம். முட்டை பொரிக்க ஒன்றரை மாதம் போல ஆகிறது. வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் குஞ்சுகள் போகும், அதனால் கரையோர விளக்குகள் அவற்றைத் திசைமாற்றிவிடும். போனில் பிளாஷ் போடக்கூடாது என்று அங்கே இருப்பவர்கள் சொன்னதும் யாழினி வரிசையில் நின்ற பெரியவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் மாசி, பங்குனியில் நாம் எல்லோரும் சேர்ந்து போகலாம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். சென்னை வெயில் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இங்கே கடல்காற்று வரும் வரை புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வீடு திரும்பிவிடு. டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் காலையிலும் சாயங்காலமும் முழுக்கைச் சட்டை போட்டுவிடு. கழிப்பறை எல்லா இடத்திலும் திறந்திருக்கும் என்று நம்பாதே. பையில் தண்ணீர், மாற்று உடுப்பு, கடலைமிட்டாய், பூதக்கண்ணாடி, காய் விதை போட ஒரு டப்பா. பொம்மை எதுவும் வேண்டாம். எவ்வளவு தூரம் நடந்தோம் என்று கணக்குப் பார்க்காதே. கேட் தாண்டியதுமே மரவட்டையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். தங்கச்சிக்கும் இதைச் சொல், "இவ்வளவு தூரம் வந்து ஒண்ணும் பாக்கலையே" என்று அவளுக்குத் தோன்றலாம். மலருக்கு முதலில் தோன்றியது.

நீ கிளம்புவதற்கு முன் எனக்காக ஒன்று செய். பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போ. திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர்தான். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதைப் பொன்னிக்குச் சொல், அந்த ஊர்ப் பிள்ளைகளிடமே அவள் கேட்டுத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. அங்கே கூழைக்கடாவைக் கிட்டப் பார்த்துவிட்டால், பள்ளிக்கரணையில் தூரத்தில் நீந்துவதையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். மே கடைசிக்குள் குஞ்சுகள் பறக்க ஆரம்பித்துவிடும், குளமும் வற்றிவிடலாம். அதனால் சாமான் கட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மாதமே போய்வா. என்னென்ன பார்த்தார்கள் என்று எழுது. பொன்னி படம் வரைந்தால் அதையும் வைத்து அனுப்பு, யாழினி கேட்கிறாள்.

வீடு பார்க்க நீ மட்டும் முன்னாடி வருவதானால் எங்கள் வீட்டிலேயே தங்கு. வேறெங்கும் அறை எடுக்காதே.

அன்புடன்,
பிரபு